பீலியடிக் குறிப்புகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு முன்னால், கோழிக்கூட்டைத் தாண்டி, மரநிழல் விழாத இடத்தில் கம்பு நட்டு ஒரு தகர டின் கட்டியிருக்கிறது. காலை ஆறரைக்கு அண்ணன் மகள் அதற்குள் அடிமட்டத்தை விட்டுப் பார்த்துக் கொப்பியில் எழுதுவாள். டின்னின் வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும், சுவர் நேராக இருந்தால், உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் பெய்த மழையின் அளவு. தரம் 7 படிக்கிற பிள்ளைக்கு இது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. லயத்துக்கே விளங்குவதற்கு 2025 நவம்பர் வர வேண்டியிருந்தது.

*

டித்வா புயலின்போது, நவம்பர் 27க்கும் 28க்கும் இடைப்பட்ட 24 மணி நேரத்தில், எங்கள் மாத்தளை மாவட்டத்துக் கம்மடுவவில் 540 மில்லிமீற்றர் மழை பதிவானது. பேப்பரில் படித்தபோது அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அடிமட்டத்தை இரண்டு தரம் காலோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். முழங்காலைத் தாண்டியது. ஒரு பகலும் ஒரு இரவும் பெய்த மழை வழிந்தோடாமல் நின்றிருந்தால் அந்த மலை முழுக்க முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஓடியது ஆற்றோடு போனது. ஓடாதது மண்ணுக்குள் இறங்கியது. இறங்கிய தண்ணீர் மண்ணைக் கனக்க வைக்கும். மண் பாறையைப் பிடித்திருக்கும் பிடியையும் தளர்த்தும்.

இலங்கை முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை. மலைநாட்டில் இறந்தவர்களில் எத்தனையோ பேர் மண்ணுக்கடியில்.

கம்மடுவ எங்களுக்கு மலைக்கு அந்தப்பக்கம். எங்கள் எல்கடுவயில் அந்த இரவு கரண்ட் போய், பிறகு டவரும் போய், லயத்தில் ஒருவரும் கண் மூடவில்லை. பின்பக்க மண்சுவரை டோர்ச் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். "போகலாமா, இருக்கலாமா" என்று காம்பராவுக்குக் காம்பரா கேட்டுக்கொண்டார்கள். எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த இரவில்தான். கூட்டம் போடவே முடியாத நேரத்தில்.

*

சட்டம் இல்லாமல் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005 மே மாதம் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. 117 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. மாவட்டத்துக்கு, பிரதேச செயலகப் பிரிவுக்கு, கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு என்று குழுக்கள் உண்டு. கடைசிக் குழுவில்தான் நாங்கள் வருகிறோம். அந்தக் கடைசிக் குழு ஒழுங்காகக் கூடிப் பேசினால் மேலே உள்ள எல்லாம் உயிர் பெறும். அது கூடாவிட்டால், கொழும்பில் தீட்டிய திட்டம் எத்தனை நல்லதாக இருந்தாலும் எங்கள் மண்பாதையின் வளைவு வரைக்கும் வந்து நின்றுவிடும்.

*

முதல் கூட்டம் கோயில் மண்டபத்தில். நாற்காலி வரிசையில் அதிகாரிகள், தோட்டத் தலைவர், நிர்வாகத்திலிருந்து ஒருவர், நான். பாயில் மற்றவர்கள். பெண்கள் தூணோரம், அதுவும் வாசல் பக்கம். அடுப்பில் சோறு வேகிறது, எந்த நேரமும் எழுந்து போக வேண்டியிருக்கும். முதலில் பேசியது நாற்காலி. கடைசியாகப் பேசியதும் நாற்காலி. பாதையோர மதில் பற்றித்தான் ஒன்றரை மணி நேரம். அந்த மதில் சாய்ந்திருப்பது எல்லாருக்கும் தெரியும், பஸ்ஸில் போகிறவருக்கும் தெரியும். வரவுப் பதிவில் கையெழுத்து வைத்து, பிளேன்டீ குடித்துக் கலைந்தோம்.

மறுநாள் காலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கு முகம் கழுவப் போனேன். எங்கள் வரிசையில் மூன்றாவது காம்பராப் பெரியம்மா குடத்தைச் சாய்த்துத் தண்ணீரைக் கீழே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் பெரியம்மா ஊத்துறீங்க?"

"கலங்கி வருது மாஸ்டர். ரெண்டு நாளா இப்பிடித்தான். மழ விட்ட பெறகும் செவப்பாவே வருது. விடிகாலையில சோறாக்கக்கூட எடுக்க முடியல."

"நேத்து கூட்டத்துல சொல்லியிருக்கலாமே."

"அங்க பெரியவங்க பேசிக்கிட்டு இருந்தாங்க. பீலித் தண்ணியப் போயி எப்பிடிச் சொல்றது? யாரும் கேக்கவும் இல்ல."

மழை விட்ட பிறகும் ஊற்று கலங்கி வருவது, புது இடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று திடீரென்று நின்றுபோவது, நேராக நின்ற மரமும் தூணும் சாய்வது, கதவு நிலையில் இறுகிக்கொள்வது, தரையில் வெடிப்பு ஓடுவது: மலை நகரத் தொடங்கியதற்கு அடையாளமாக மண்சரிவுக் கையேடுகளில் இவைதான் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் மிக முக்கியமான செய்தி பெரியம்மாவிடம்தான் இருந்தது. அவர் தூணோரம் உட்கார்ந்து, சோறு குழைந்துவிடுமே என்ற கவலையோடு, அதை வீட்டுக்கே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

*

1985இல் அமெரிக்காவில் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று வேட்பாளர்கள். நான்கு நான்கு பேராக உட்கார்ந்து ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டும். மிகச் சிறந்த வேட்பாளரைப் பற்றிய நல்ல செய்திகளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டைக் கொடுத்தார்கள். எல்லாரும் கையிலுள்ளதைக் கொட்டியிருந்தால் சரியான ஆள் தெரிந்திருப்பார். ஆனால் பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசினார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பேச்சுக்கு வரவில்லை. தெரிவும் பிழைத்தது.

அங்கே படித்த, சமவயதுப் பிள்ளைகள் நான்கு பேர். இங்கே தொரையும் தலைவரும் அதிகாரியும் முன்னால் இருக்க, வாசலோரப் பெரியம்மா.

*

மீரியபெத்தையை நினைக்காமல் மலைநாட்டில் மண்சரிவைப் பற்றிப் பேச முடியாது. கொஸ்லந்தைக்கு அருகே, 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணி அளவில். லயங்கள் இருந்த இடத்தில் சேறு மட்டும் இருந்தது. பள்ளிக்கூடம் போய்விட்டதால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்து பார்க்க வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை இடம் மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது.

"எச்சரித்தும் போகவில்லை" என்று அப்போது சிலர் சொன்னது இன்னும் என் மனதை அறுக்கிறது. எங்கே போவார்கள்? லயம் தோட்டத்துக்குச் சொந்தம், காணி தோட்டத்துக்குச் சொந்தம். காம்பராவுக்கு உறுதி கிடையாது, பத்திரம் கிடையாது. லயத்தை எங்கே கட்டுவது என்று அதில் குடியிருக்கப் போகிறவர்களை எந்தக் காலத்திலும் யாரும் கேட்டதில்லை. போ என்று சொல்கிறவர் எங்கே என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது எச்சரிக்கை.

இன்னொன்று. புதைந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் எண்கள் வந்தன. பிறகு அது பல மடங்கு குறைந்தது. எந்தக் காம்பராவில் அன்று யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியல் உடனே கையில் கிடைக்கவில்லை. எங்கள் இரண்டாவது கூட்டத்தில் முதலில் செய்த வேலை இதுதான். காம்பரா வாரியாக ஆட்கள், வயது, நடக்க முடியாதவர், பிள்ளைத்தாய்ச்சி. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பையன்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார்கள். அந்த நாட்களில் பட்டியலைத் திருத்த வேண்டும். ஒரு பிரதி கோயிலில், ஒரு பிரதி பணிய லயத்தில், ஒரு பிரதி கிராம உத்தியோகத்தரிடம்.

*

இரண்டாவது கூட்டத்தைப் பீலியடியில் வைத்தோம். நாற்காலி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கிற நேரம். பெண்கள் எப்படியும் அங்கேதான் இருப்பார்கள். அன்று நான் ஒரே ஒரு ஒழுங்கு கேட்டேன்: வயதில் சின்னவர் முதலில், பதவியில் பெரியவர் கடைசியில். தலைவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் ஒத்துக்கொண்டார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன்தான் தொடங்கினான். மேட்டு லயத்துக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவில் ஒரு வெடிப்பு இருக்கிறதாம். அதைத் தாண்டித் தாண்டி விளையாடுவார்களாம். "முந்தி ஒரு காலால தாண்டலாம். இப்ப ரெண்டு காலும் சேத்துப் பாயணும்."

எல்லாரும் எழுந்து போனோம். வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, நடுவில் உள்ள தூரத்தை அளந்து எழுதினோம். இனி வாராவாரம் அளக்க வேண்டும், மழைக்காலத்தில் தினமும். வெடிப்புக்குள் மழைத்தண்ணீர் இறங்காமல் களிமண் போட்டு மிதித்து அடைத்தோம். மேலே மூடிக்கிடந்த கானைச் சுத்தம் பண்ணித் தண்ணீரைத் திருப்பிவிட்டோம். மறுவாரமே பீலித் தண்ணீர் பற்றியும் வெடிப்பு பற்றியும் எழுதி, முளை அடித்த படத்தோடு, மாத்தளையில் உள்ள அதிகாரிகளுக்கு அனுப்பினோம்.

*

டின்னில் மூன்று கோடு கீறியிருக்கிறோம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் செம்மஞ்சள், ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், சிவப்பு, வெளியேற வேண்டும். இது அரசாங்கத்தின் கணக்கு. அரசாங்க எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்குமாக வரும். எங்கள் உக்குவளைப் பிரிவு என்றால் அதற்குள் எத்தனை மலை, எத்தனை பள்ளம்! ஒரு மலையில் கொட்டும்போது அடுத்த மலையில் தூறலாக இருக்கும். நம் சரிவில் பெய்ததை நம் டின்தான் சொல்லும்.

இதில் ஆண்களுக்குள் பெரிய வாக்குவாதம். "அரசாங்கம் செவப்புன்னு சொல்லட்டும், அப்புறம் கௌம்பலாம்" என்றார்கள் ஒரு சாரார். பழைய கங்காணித் தாத்தா அதுவரை பேசாமல் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். "செவப்பு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா? இருட்டுல கெழவியத் தூக்கிக்கிட்டு அந்தப் படியில எறங்குவியா நீ?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை. முடிவு இப்படி ஆனது: பின்னேரம் நான்கு மணிக்கு டின்னைப் பார்ப்பது. செம்மஞ்சள் கோட்டைத் தாண்டியிருந்து மழையும் விடாமல் பெய்தால், சிவப்புக்குக் காத்திருக்காமல், வெளிச்சம் இருக்கும்போதே மேட்டு லயம் காலி. போய் ஒன்றும் நடக்காவிட்டால்? அதையும் பேசினோம். ஒன்றும் நடக்காத இரவை ஒத்திகை என்று கொப்பியில் எழுதுவது. யாரும் யாரையும் ஏசக் கூடாது.

*

போகும் இடம் கோயில். பள்ளிக்கூடம் பெரிய கட்டடம்தான், ஆனால் வெட்டிய சரிவுக்குக் கீழே நிற்கிறது. கோயில் மேட்டில், பாறை மேல்.

மாதர் சங்கத்துப் பெண் ஒருவர் கேட்ட கேள்வியை எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. "வீட்டுக்குத் தூரமா இருக்கிறவங்க, புள்ள பெத்து முப்பது நாள் ஆகாதவங்க, அவங்க எங்க போறது? மத்தவங்க கோயிலுக்குள்ள போவாங்க. நாங்க மழையில நிக்கிறதா?" சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஆம்பிளைகள் இருக்கிற கூட்டத்தில் அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

பூசாரி ஐயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆத்தா வீட்டுக்கு உசுருக்குப் பயந்து ஓடி வர்ற புள்ளைக்குத் தீட்டு ஏதும்மா? மூலஸ்தானத்த நான் சாத்திர்றேன். மண்டபத்துல எல்லாரும் படுங்க" என்றார். பக்கத்தில் வேதக்காரக் குடும்பங்கள் மூன்று. அவர்களுக்கும் அதே மண்டபம். பெண்களுக்குத் தனியாக ஒரு கக்கூஸ் கட்ட வேண்டும் என்பதும் அன்றுதான் தீர்மானமானது. இந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே கேட்டிராவிட்டால், அந்த இரவில் எத்தனை பெண்கள் காரணத்தைச் சொல்லாமல் "நான் வரல, நீங்க போங்க" என்று காம்பராவிலேயே இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

*

கேரளத்துப் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6, இரவு. மூணாறுக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்து லயங்கள். அங்கேயும் நம் தமிழர்கள்தான், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள். மண்சரிவில் எழுபது உயிர் போனது. கரண்டும் போனும் செத்துக் கிடந்ததால் செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆகிவிட்டது.

டவர் போனால் எதை வைத்துக் கூப்பிடுவது? அந்தக் காலத்தில் பெரட்டுக்கு ஆள் எழுப்பத் தப்பு அடிப்பார்கள். தப்பு அடிக்கத் தெரிந்தவர் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். கோயில் மணி இருக்கிறது. விடாமல் அடித்தால் வெளியேறு என்று பொருள். சாவுக்கு அடிக்கும் அடியும் இதுவும் ஒன்றாகிவிடக் கூடாது என்று தப்புக்காரரே வேறு அடி ஒன்றை அமைத்துக் காட்டினார். பிள்ளைகள் அன்று பின்னேரமே வாயால் அதைப் பாடித் திரிந்தார்கள்.

புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவர் ஊர். 2004 சுனாமியன்று சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரிக்க, ஊரிலிருந்த தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களைக் கரையிலிருந்து ஓட வைத்தார்கள். கடல் நிலவரமும் மீன்பிடிச் செய்தியும் வழக்கமாகச் சொல்லிவந்த குழாய் அது. அதனால்தான் அது சொன்னதும் ஓடினார்கள் என்று நினைக்கிறேன். ஆபத்துக்கென்று தனியாகப் பூட்டி வைத்த ஒலிபெருக்கியின் குரலை யார் நம்புவார்கள்? எங்கள் கோயில் குழாயில் இப்போது தினமும் காலையில் டின் கணக்கைச் சொல்கிறோம்.

*

கேரளத்து வயநாட்டில் ஹியூம் மையம் என்ற அமைப்பு மாவட்டம் முழுக்க மழைமானிகள் வைத்து, தோட்டக்காரர், விவசாயி என்று ஊர் ஆட்களிடமே தினமும் கணக்கு வாங்குகிறது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்சரிவில் போவதற்கு முந்தைய நாளே அவர்கள் எச்சரிக்கை அனுப்பியிருந்தார்கள். கணக்கு சரி. மானி சரி. ஆனாலும் 200க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எண்ணைப் பார்த்தவுடன் யார் எழுந்து, எந்தக் கதவைத் தட்டி, எங்கே கூட்டிப் போவது என்பது அதற்கு முன்னாலேயே பேசி முடித்திருக்க வேண்டிய காரியம்.

*

மொழி. உத்தியோகத்தர்கள் நல்லவர்கள், ஆனால் கூட்டம் சிங்களத்தில்தான் தொடங்கும். நான் மொழிபெயர்க்கும்போது பாதி பேர் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். டித்வா நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்ததும், சில வராமலே போனதும் பற்றிப் பலர் எழுதினார்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. போ என்ற சொல் ஒரு தாய்க்கு விளங்கும் மொழியில், அவள் பிள்ளையைத் தூக்குவதற்கு வேண்டிய நேரத்தோடு வந்து சேர வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை.

*

எழுதிப் போடுகிற முறை ஒன்றையும் பார்த்தோம். 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஹெல்மர், டால்கி என்பவர்கள் தொடங்கிவைத்த டெல்பி முறை அது. நிபுணர்களை ஒன்றாக உட்கார வைக்காமல், பெயர் போடாத தாளில் கருத்தைக் கேட்டு, எல்லாக் காரணங்களையும் தொகுத்து எல்லாருக்கும் திருப்பிக் காட்டி, மறுபடியும் கேட்பது. பெரிய ஆளின் குரலுக்கு மற்றவர் பணிந்துபோவதைத் தவிர்க்கத்தான்.

காம்பராவுக்கு ஒரு துண்டு. "எங்கே முதலில் சரியும்? ஏன்?" எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதினார்கள். முதல் தரம் பெரும்பாலானவர்கள் பாதையோர மதிலைத்தான் எழுதினார்கள். காரணங்களைப் பெயர் சொல்லாமல் வாசித்தேன். பீலி, வெடிப்பு, சவுக்கு மரம் சாய்ந்திருப்பது. இரண்டாம் தரம் துண்டுகள் மேட்டு லயத்துப் பின்பக்கத்துக்குத் திரும்பிவிட்டன. ஒரு துண்டில் மட்டும் வேறு ஏதோ இருந்தது, பிள்ளை எழுத்து: "எங்கம்மாவுக்குக் காது கேக்காது. தப்பு அடிச்சா தெரியாது."

பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பக்கத்துக் காம்பராப் பையனின் பெயரை எழுதினோம். அவன்தான் போய்த் தொட்டு எழுப்ப வேண்டும்.

*

தீராதவை. மேட்டு லயத்தில் பசு மூன்று. மழை இரவில் யார் அவிழ்ப்பது? மாட்டுக்காரர் மாட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். அவர் பிழைப்பு அது, கோபப்பட முடியாது. மாட்டைப் பகலிலேயே கோயில் மேட்டில் கட்டலாம் என்று ஒரு யோசனை.

பாதை. பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த தடை 2018இல் திருத்தப்படும் வரை தோட்டத்துப் பாதைக்குச் சபை காசு செலவழிக்க முடியாமல் இருந்தது. தடை போய்விட்டது. கோயிலுக்கு ஏறும் படி இன்னும் மண்ணாகவே இருக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரியது, பேர், அதாவது நாள் சம்பளம். ராத்திரி முழுக்கக் கோயிலில் முழித்திருந்துவிட்டு விடிந்ததும் மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. மத்தியானத்தோடு நிறுத்தினால் அரைப்பேர். மழை நாட்களில் சம்பளம் போகும் என்றால் மூன்றாவது தரம் கூப்பிடும்போது வர மாட்டார்கள், டின்னில் எந்தக் கோடு தாண்டினாலும் சரி. "சிவப்பு நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும்" என்று தலைவர் நிர்வாகத்துக்கு எழுதினார், எல்லாரும் கையெழுத்து வைத்தோம், கைநாட்டு வைத்தவர்களும் உண்டு. கடிதம் போய் ஐந்து வாரம்.

*

இன்று காலை டின்னில் 6 மில்லிமீற்றர். முளைகளுக்கு நடுவில் போன வாரத்து அளவுதான். பெரியம்மா முதல் குடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தெளிஞ்சுதான் இருக்கு, எழுதிக்க" என்றார். அண்ணன் மகள் எழுதிக்கொண்டாள். அடுத்த கூட்டம் வருகிற ஞாயிறு, துணி துவைக்கிற நேரத்தில், பீலியடியில். முதல் விசயம் மாடு.